ஒரு முறைக்கு எட்டுக் குடம்: ராமநாதபுரம் கரையில் டயாலிசிஸ்

நான்கு மணி நேர டயாலிசிஸில் நோயாளியின் ரத்தத்தை ஒட்டி 120 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 240 நிமிடம். ஏறக்குறைய எட்டுக் குடம். ரத்தத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே இருப்பது மயிரிழையிலும் மெல்லிய ஒரு சவ்வு மட்டுமே. ஊருணி வற்றினால் மணலில் ஊற்றுத் தோண்டும், போர் போட்டால் சவர் வரும், லாரி வராவிட்டால் உலை வைக்க முடியாத ஒரு கரையில் இந்த எட்டுக் குடம் எங்கிருந்து, எப்படி வருகிறது என்பதுதான் சிகிச்சையின் பாதி. மீதிப் பாதி, நோயாளி தன் உடம்புக்குள் ஏற்றிக்கொண்டு வரும் தண்ணீர். இரண்டையும் கெடுப்பது பெரும்பாலும் உப்புதான்.

முதலில் சிறுநீரகத்தின் வேலை. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிக்கின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. வடிக்கும் திறன் 15 சதவீதத்துக்குக் கீழே போய், பசியின்மை, வாந்தி, அரிப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுதல் என்று தொடங்கும்போது டயாலிசிஸ் பேச்சு வருகிறது. ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினினின் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. கிரியாட்டினின் 8 உள்ளவர் நடமாடிக்கொண்டிருப்பார், 6 உள்ளவர் மூச்சுத் திணறி வந்து சேர்வார்.

மெஷின் செய்வதை இந்தக் கரைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு இறங்கும். ஓரளவு இறங்கியதும் நின்றுவிடும். தண்ணீரைக் கொட்டி வேறு ஊற்றினால் மறுபடி இறங்கும். டயாலைசர் என்ற பிளாஸ்டிக் குழலுக்குள் நடப்பதும் இதுவே. முக்கால் அடி முதல் ஓரடி வரை நீளமுள்ள அந்தக் குழலுக்குள் பத்தாயிரம் அளவில் நுண்குழாய்கள் உண்டு. ஒவ்வொன்றின் உள்விட்டமும் 0.2 மில்லிமீட்டர். உள்ளே ரத்தம் ஒரு பக்கமாக ஓட, வெளியே திரவம் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. எதிர்த்திசையில் விடுவதற்குக் காரணம் உண்டு: குழாயின் எந்த இடத்திலும் ரத்தத்தைவிடச் சுத்தமான திரவம்தான் அதை ஒட்டியிருக்கும். யூரியா என்ற கழிவும் பொட்டாசியமும் கடைசி அங்குலம் வரை இறங்கிக்கொண்டே இருக்கும்.

வெறும் தண்ணீரை ஓடவிட்டால் உடம்புக்கு வேண்டிய உப்புகளும் சேர்ந்து போய்விடும், ரத்த அணுக்கள் உடையும். அதனால் சுத்தமான தண்ணீரில் இரண்டு கரைசல்களைக் கலக்கிறார்கள். டெக்னீஷியன்கள் ‘ஏ’, ‘பி’ என்று சொல்லும் கேன்கள் இவைதான். கலந்த திரவத்தில் சோடியம் ரத்தத்தில் உள்ள அளவுக்கே, லிட்டருக்கு 138 முதல் 140 மில்லிமோல் வரை இருக்கும். ஆகவே அது பெரிதாக இறங்காது. பொட்டாசியம் 2 மட்டும். நோயாளியிடம் 6 இருந்தால் இறங்கத்தானே செய்யும். பைகார்பனேட் 32-லிருந்து 35. இது திரவத்திலிருந்து ரத்தத்துக்குள் ஏறி, சேர்ந்துபோன அமிலத்தை முறிக்கும். தண்ணீரை எடுப்பது தனி வேலை. சவ்வின் இரு பக்கமும் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, எத்தனை மில்லி என்று மெஷினில் பதிந்தால் அத்தனையை உறிஞ்சி எடுக்கும்.

சிகிச்சை போதுமா என்பதை யூரியாவை வைத்துப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் எடுத்துப் பார்க்க வேண்டும். குறைந்தது 65 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும்: முன்பு 140 என்றால் பின்பு 49-க்குள். 80-இல் நின்றால் ஏதோ சரியில்லை. ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 250 மில்லியைக்கூடத் தொடவில்லையோ, டயாலைசரின் நுண்குழாய்கள் உறைந்து அடைத்தனவோ, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மூன்றரை மணி நேரத்திலேயே இறங்கினாரோ. பஸ்ஸுக்காக வாரம் மூன்று முறை அரை மணி நேரம் விட்டால் மாதத்துக்கு ஆறு மணி நேரம், அதாவது ஒன்றரை டயாலிசிஸ் காணாமல் போகிறது.

தண்ணீர் அறை

டயாலிசிஸ் மையத்துக்குப் போகும் குடும்பங்கள் மெஷின் புதிதா பழையதா என்று பார்க்கின்றன. பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் ஆர்.ஓ. அறையை. குடிக்க நல்ல தண்ணீர் என்பது வேறு, டயாலிசிஸ் தண்ணீர் என்பது வேறு. நாம் வாரத்துக்கு 14 லிட்டர் குடிக்கிறோம். குடல் அதை வடிகட்டி உள்ளே விடுகிறது, மிஞ்சியதைச் சிறுநீரகம் தள்ளுகிறது. டயாலிசிஸ் நோயாளியின் ரத்தம் வாரத்துக்கு 360 லிட்டரைத் தொடுகிறது, நடுவே குடலும் இல்லை, பின்னால் சிறுநீரகமும் இல்லை.

வரும் தண்ணீர் முதலில் மணல் வடிகட்டி வழியாகப் போய்க் கலங்கலை இழக்கும். அடுத்து சாஃப்ட்னர்: ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது கரித்தொட்டி. குளோரினைப் பிடிப்பது இதுதான், ஆர்.ஓ. சவ்வு அல்ல, குளோரின் பட்டால் அந்தச் சவ்வே அரித்துப்போகும். பிறகு 5 மைக்ரான் வடிகட்டி, ஆர்.ஓ., சேமிப்புத் தொட்டி. அங்கிருந்து மெஷின்களைச் சுற்றி வந்து மறுபடி தொட்டிக்கே திரும்பும் குழாய். தண்ணீர் எங்கும் தேங்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சுற்று. தேங்கிய இடத்தில் கிருமி படரும்.

இந்தக் கரையில் இது ஏன் கடினமாகிறது என்று பார்ப்போம். ஆர்.ஓ. சவ்வு நூற்றுக்கு 97 பங்கு உப்பை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காவிரி கூட்டுக் குடிநீர் வந்து, டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, 500 என்றால் வெளியே வருவது 15. அன்றைக்குக் காவிரி வராமல் 4000 உள்ள போர்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் வெளியே வருவது 120. சவ்வு கெடவில்லை, மெஷின் கெடவில்லை. தண்ணீர் மட்டும் எட்டு மடங்கு கெட்டுவிட்டது. சவரான போரை நம்பியிருக்கும் மையத்துக்கு ஒரு ஆர்.ஓ. போதாது, முதலில் வடித்ததை மறுபடி வடிக்கும் இரட்டை ஆர்.ஓ. வேண்டும் என்று சொல்வது இதனால்தான். சாஃப்ட்னருக்கும் இதே கதை. கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, 200 உள்ள தண்ணீருக்கு ஒரு நாள் தாங்கும் ரெசின், 1000 உள்ள தண்ணீருக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரமே தாங்கும். காலை ஷிஃப்ட் நன்றாகப் போய் மதிய ஷிஃப்டில் நாலைந்து பேர் ஒன்றாக வாந்தி, தலைவலி, பி.பி. ஏற்றம் என்று சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அவர்கள் சாப்பிட்ட இட்லியை அல்ல, சாஃப்ட்னரை. ஒருவருக்கு வந்தால் அவர் உடம்பு. ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால் தண்ணீர்.

அளவையும் யோசிக்க வேண்டும். பத்து மெஷின், மூன்று ஷிஃப்ட் என்றால் 30 டயாலிசிஸ், 3600 லிட்டர் சுத்த நீர். ஆர்.ஓ. பாதியைக் கழிவாகத் தள்ளினால் உள்ளே விட வேண்டியது 7200 லிட்டர். மெஷின் கழுவுவது, குழாய் கழுவுவது இதில் சேரவில்லை. ஆகவே லாரியைக் கூப்பிடாமல் பல மையங்களுக்கு முடியாது. லாரித் தண்ணீர் எங்கே பிடித்தது என்று கேட்கும் பழக்கம் இருக்க வேண்டும். 1996-இல் பிரேசில் நாட்டின் கருவாரு நகரில், வறட்சியில் லாரியில் வந்த ஏரித் தண்ணீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் டயாலிசிஸுக்கு விட்டதில் பாசி நஞ்சு ரத்தத்தில் கலந்து, கல்லீரல் கெட்டு 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படிகாரத்தால் தெளிய வைத்த தண்ணீரிலும் ஒரு ஆபத்து உண்டு. அதிலுள்ள அலுமினியம் எலும்பிலும் மூளையிலும் படிந்து புத்தி தடுமாற வைத்ததை 1970-களிலேயே கண்டுபிடித்தார்கள்.

மழைக்காலம் இன்னொரு சோதனை. வெள்ளம் வடிந்ததும் நோய் பரவாமலிருக்க உள்ளாட்சியினர் குளோரினைக் கூட்டிப் போடுவார்கள். குடிப்பவர்களுக்கு அது காப்பு. டயாலிசிஸ் தண்ணீரிலோ லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். கரித்தொட்டி கண்ணுக்குத் தெரிந்து தீராது. நேற்றுப் போதுமானதாக இருந்தது இன்று திடீரென்று தாண்டவிட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால், கரித்தொட்டிக்குப் பின் உள்ள குழாயில் தண்ணீர் பிடித்து குளோரின் பார்க்க வேண்டும். கடினத்தன்மைச் சோதனையும் இரண்டு நிமிட வேலை. சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், சொட்டு மருந்து, ஒரு ஆட்டு. நீலமாக நின்றால் சாஃப்ட்னர் பிடிக்கிறது. நாவல்பழம் கரைத்தது போலச் சிவந்தால் தாண்டவிடுகிறது, அன்றைக்கு மெஷினைத் தொடக் கூடாது. இந்த இரண்டையும் எழுதி வைக்கும் நோட்டு சுவரில் தொங்க வேண்டும். எந்த மையமானாலும் அந்த நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. நாளைய தேதி வரைக்கும் ஒரே கையெழுத்தில் நிரப்பி வைத்திருந்தால் புரிந்துகொள்ளலாம்.

உடம்பில் ஏறும் தண்ணீர்

சிறுநீர் குறைந்தவருக்குக் குடித்ததெல்லாம் உள்ளேயே நிற்கும். வீக்கமும் மூச்சிரைப்பும் இல்லாமல், பி.பி.யும் சரியாக இருக்கும் எடையைத்தான் ‘டிரை வெயிட்’ என்கிறார்கள். அதற்கு மேல் ஏறிய ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் தண்ணீர். அதை எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு: ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லி. 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 780 மில்லி, நான்கு மணி நேரத்துக்கு 3 லிட்டர் சொச்சம். நாலரைக் கிலோ ஏற்றிக்கொண்டு வந்து அத்தனையையும் ஒரே முறையில் எடுக்கச் சொன்னால், ரத்தக் குழாய்க்குள் சதையிலிருந்து தண்ணீர் ஊறி வருவதற்குள் மெஷின் உறிஞ்சிவிடும். மூன்றாவது மணியில் கொட்டாவி, வியர்வை, கெண்டைக்கால் சுண்டி இழுத்தல், பி.பி. சரிவு. உடனே தலையைத் தாழ்த்தி, எடுப்பதை நிறுத்தி, 100 முதல் 200 மில்லி சலைன் ஏற்றுவார்கள். எடுத்த தண்ணீரில் கொஞ்சம் திரும்பப் போகிறது. இப்படி அடிக்கடி சரிந்தால் இதயத் தசையே நாளடைவில் தளர்கிறது.

‘தண்ணீர் குடிக்காதீர்கள்’ என்பது அரைகுறை அறிவுரை என்பேன். தாகத்தைக் கிளப்புவது உப்பு. ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. உடம்பும் உப்பை அதே விகிதத்தில்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆக 9 கிராம் உப்பு உள்ளே போனால், ஒரு லிட்டர் குடிக்கும்வரை தாகம் அடங்காது. மன உறுதியால் வெல்லும் விஷயம் அல்ல இது. ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அதுவே உச்சம். பழைய சோற்றுக்கு நெத்திலிக் கருவாடு, மதியம் ஊறுகாய், சாயங்காலம் மிக்சர் என்றால் அளவு காலையிலேயே தாண்டிவிடும். ஊறவைத்துக் கழுவிய கருவாட்டிலும் உப்பு மிச்சம் இருக்கும்.

நல்ல மீன் வேறு கதை. சிறுநீரகம் கெடத் தொடங்கிய காலத்தில் ‘புரதத்தைக் குறையுங்கள்’ என்று சொன்னதை மனதில் வைத்து, டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் மீனை நிறுத்தி வைக்கும் வீடுகள் ஏராளம். அது தவறு. ஒவ்வொரு டயாலிசிஸிலும் புரதத்தின் கூறுகள் திரவத்தோடு போகின்றன. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். கரைக்கு வந்த பச்சை மீனைக் குறைந்த உப்பில் குழம்பு வைத்துத் துண்டுகளைச் சாப்பிடலாம். குழம்பை ஊற்றிப் பிசைய வேண்டாம். முள்ளோடு மெல்லும் பொடிமீனில் மட்டும் பாஸ்பரஸ் அதிகம். சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே போட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பிடிப்பதற்கு வயிற்றில் ஒன்றும் இருக்காது.

குடிக்கும் அளவு, முந்தைய நாள் போன சிறுநீரோடு அரை முதல் முக்கால் லிட்டர் வரை. நீராகாரம், கஞ்சி, ரசம், மோர், டீ எல்லாம் கணக்கில் சேரும். காலையில் ஒரு பாட்டிலில் அந்த அளவைப் பிடித்து வைத்து, டீ குடித்தால் அதே அளவைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுங்கள். மிச்சம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும்.

பனையும் தென்னையும்

பொட்டாசியம் ஏறுவது வெளியே தெரியாது. காலில் பலம் குறைந்தது போலிருக்கும், நாடி மெதுவாகும், பிறகு இதயம் நின்றுவிடும். நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்லப்பட்டவருக்கு ஒரு இளநீரிலேயே 500 முதல் 700 வரை போய்விடும். ‘சூட்டுக்கு நல்லது’ என்று அன்போடு வெட்டிக் கொடுப்பவர்கள் இதை அறிய மாட்டார்கள். பதநீரும் கருப்பட்டியும் இந்தப் பட்டியலில் வரும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டிக் காபி என்பது மற்றவர்களுக்கு எப்படியோ, டயாலிசிஸ் நோயாளிக்கு ஆகாது. நுங்கைத் தண்ணீர்க் கணக்கில் வையுங்கள். கிழங்கு வகைகளைச் சிறிதாக நறுக்கி, வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் பொட்டாசியம் கணிசமாக இறங்கும். கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம். பி.பி.க்கு நல்லது என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

கையில் ஓடும் அதிர்வு

நிமிடத்துக்கு 300 மில்லி ரத்தம் எடுக்கச் சாதாரண நரம்பு தாங்காது. மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் தைத்து இணைப்பதுதான் ஃபிஸ்டுலா. 1966 முதல் இருக்கும் இந்த முறையைவிட நல்லது இன்றுவரை வரவில்லை. தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் அது தடித்து ஊசி தாங்கும் பக்குவத்துக்கு வரும். விரலை வைத்துப் பார்த்தால், எஞ்சின் ஓடும் படகின் பலகையில் கை வைத்தது போல ஒரு இடைவிடாத அதிர்வு தெரியும். காலையும் இரவும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றால் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே போனால் திறக்க வாய்ப்புண்டு, அடுத்த முறைக்குக் காத்திருந்தால் கையே வீண். அந்தக் கையில் பி.பி. பார்க்க, ரத்தம் எடுக்க, டிரிப்ஸ் ஏற்ற விடக் கூடாது. கயிறு சுற்றி வலை இழுப்பதும், குடத்தை அந்தக் கையால் அணைத்துத் தூக்குவதும் கூடாது.

ஃபிஸ்டுலா பக்குவப்படும்வரை கழுத்தில் குழாய் போட்டிருப்பார்கள். அது நேரே இதயத்தின் வாசல்வரை போகும் குழாய். கட்டு நனையக் கூடாது. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வருவது, கடலில் முழுகுவது எல்லாம் குழாய் எடுத்த பிறகு. டயாலிசிஸ் நடக்கும்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் கிருமி ஏறிவிட்டது என்று பொருள்; மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் காய்ச்சல் அல்ல அது.

தூரமும் புயலும்

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் அளவு, மதுரை இன்னும் நூற்றுக்கு மேல். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் கட்டணம் அடங்குகிறது. 2016-இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டம் மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கு மெஷின்களைக் கொண்டுவந்தது. 2022-இல் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனால் வண்டிக்கூலியும், உடன் வருபவரின் ஒரு நாள் கூலியும் எந்தக் காப்பீட்டிலும் வராது. வாரம் மூன்று முறை என்பது இரண்டாகக் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரம் செய்த வேலையை 12 மணி நேரத்தில் செய்வதே குறைச்சல், அதை 8 ஆக்கினால் என்ன மிஞ்சும்?

தொலைவில் இருப்பவர்கள் வயிற்று டயாலிசிஸைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாய் வைத்து, 2 லிட்டர் பை ஒன்றை உள்ளே விட்டு, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து வடித்துவிட்டு அடுத்ததை விடுவது. ஒரு நாளைக்கு நான்கு முறை. வயிற்றின் உள்ளுறையே சவ்வாக வேலை செய்கிறது. பை தொழிற்சாலையிலிருந்து தயாராக வருவதால் ஊரின் சவர்த்தண்ணீர் பிரச்சினையே இல்லை. கை கழுவ மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தர வழி இருக்கிறது. மாதத்துக்கு 120 பை, 240 கிலோ. ஈரம் படாத ஒரு மூலை வேண்டும். வடித்த பை கலங்கலாக வந்தால் வயிற்றில் கிருமி. அந்தப் பையோடு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியதும் படகுக்காரர்கள் கரையேறுவது போல, டயாலிசிஸ் குடும்பங்களும் அசைய வேண்டும். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது போல ஒரு நாள் போதும், சாலையும் மின்சாரமும் போவதற்கு. எச்சரிக்கை வந்த உடனே மையத்துக்குப் போன் செய்து முறையை ஒரு நாள் முன்னதாக வாங்கிக்கொள்ளுங்கள். தவறினால் அந்த நாட்களில் தண்ணீர் அரை லிட்டருக்குள். பழம், இளநீர், கிழங்கு, பருப்புக் குழம்பு வேண்டாம். வடித்த சோறும் கொஞ்சம் மீனும் போதும். பொட்டாசியத்தைப் பிடிக்கும் பொடியை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருப்பது நல்லது. டயாலிசிஸ் நடுவே மின்சாரம் போனால் பயப்பட வேண்டாம். பம்பைக் கையால் சுற்றி, வெளியே நிற்கும் 200 முதல் 250 மில்லி ரத்தத்தை உடம்புக்குத் திருப்பிவிடலாம். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே கடைசி டயாலிசிஸ் தாளையும் வையுங்கள். டிரை வெயிட், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, டயாலைசர் வகை அதில் இருக்கும். கூடவே மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை அறிக்கையும். பாலம் மூடி மதுரையிலோ பரமக்குடியிலோ மாட்டிக்கொண்டால் வேறு மையம் முதலில் கேட்பது அந்த அறிக்கையைத்தான், எந்த மெஷினில் போடுவது என்று முடிவு செய்ய. பழைய தேதியாக இருந்தால் புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். அதிலேயே அரை நாள் போய்விடும்.